மாமியாருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கணுமா?

டீச்சரிடம் கேளுங்கள்: விடுமுறைச் செலவு

(பதில் எழுதுபவர் தருமபுரியில் அரசுப் பள்ளி வணிகவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிச் சுற்றுலாக்களுக்கு வண்டி பேசி, வசூல் பிரித்து, கணக்கு எழுதியவர்.)

*

அன்புள்ள டீச்சருக்கு வணக்கம். எங்களுக்கு பாலக்கோடு. வீட்டுக்காரர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே தையல். மகள் எட்டாவது, மகன் மூன்றாவது. மாமியாருக்கு 64 வயது, முழங்கால் வலி. இரண்டு வருடமாகப் பிள்ளைகள் பெங்களூர் பக்கம் இருக்கிற வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகணும் என்று உயிரை எடுக்கிறார்கள். சீட்டு எடுத்த பணத்தில் 15,000 ரூபாய் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். ஐந்து பேருக்கு அது போதுமா? மாமியாரை விட்டுவிட்டுப் போனால் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. கூட்டிக்கொண்டு போனால் அவர் எதிலும் ஏறப்போவதில்லை. என்ன செய்ய?
வாசகி, பாலக்கோடு

தங்கச்சி, போதும். ஆனால் இழுத்துப் பிடித்துத்தான் போதும். கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள். தையல்காரரிடம் அதைச் சொல்லவா வேண்டும்? இந்தப் பூங்காவில் பிள்ளையின் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை. 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட். அதைத் தாண்டினால் முழு டிக்கெட். 140 என்றால் உங்கள் டேப்பில் 55 இஞ்ச். எட்டாவது படிக்கிற பெண் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பாள், அவளுக்குப் பெரியவர் விலைதான். 'இன்னும் சின்னப் பொண்ணுதாங்க' என்று கவுன்டரில் கெஞ்சிப் பயனில்லை. அதே உயரம்தான் பெரிய ரைடுகளில் ஏற்றுவதா வேண்டாமா என்பதையும் முடிவு செய்கிறது. மகன் குட்டையாக இருந்தால் உங்களுக்குக் காசு மிச்சம், அவனுக்கு அழுகை மிச்சம். அக்கா தலைகீழாகச் சுற்றுவதைக் கீழே நின்று பார்க்கவேண்டி வரும். இதை வீட்டிலேயே அளந்து, வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் சமாதானத்துக்கு ஐஸ்கிரீம், பொம்மை என்று தனிச் செலவு கிளம்பும்.

அடுத்தது டிக்கெட் விலை. சாதாரண நாள், சனி ஞாயிறு, விடுமுறைக் காலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. போகிற தேதியைப் போட்டுப் பார்த்தால்தான் சரியான தொகை தெரியும். பார்க்கும்போது கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள், முதலில் கண்ணில் படும் எண் வரி சேர்க்காததாக இருக்கலாம். கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கு 2017-ல் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். 2018 ஜனவரியில் அதை 18 ஆக்கினார்கள். குறைந்தது என்று பெயர், ஐந்து பேருக்குக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு டிக்கெட் விலை வரியிலேயே போய்விடுகிறது.

இப்போது நான் போடும் எண்கள் பூங்காவின் விலைப்பட்டியல் அல்ல, கணக்கு புரிவதற்காக வைத்தவை. நீங்கள் பார்க்கும் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வரியோடு பெரியவருக்கு 1,400, குழந்தைக்கு 1,150, மூத்த குடிமகனுக்கு 1,100 என்று வைப்போம் (60 தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு, ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்). நீங்கள், வீட்டுக்காரர், மகள் மூவருக்கு 4,200. மகனுக்கு 1,150. மாமியாருக்கு 1,100. ஆக 6,450.

வண்டி. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர், அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோடு பிடித்து மைசூர் ரோட்டில் இறங்கினால் பூங்கா இருக்கும் பிடதி. போக வர 265 கி.மீ. என்று வையுங்கள். வாடகைக் கார் கி.மீ.க்கு 14 ரூபாய் என்று வைத்தால் 3,700 ஆகிவிடும். டிரைவர் பேட்டா 500, அத்திப்பள்ளி டோல், நைஸ் ரோடு டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து இன்னொரு 500. ஆக 4,700. நைஸ் ரோட்டில் டோலைத் துண்டு துண்டாக வாங்குவார்கள், 'இப்பத்தானே கட்டினோம்' என்று டிரைவரோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

சாப்பாடு. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். அதனால் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டுங்கள், ஆனால் காலையில் கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். பதினொரு மணி வாக்கில்தான் திறக்கிறார்கள், நேரம் இருக்கும். வயிறு நிறைந்து உள்ளே போனால் மதியம் ஒரு வேளைச் சாப்பாடும் மாலையில் ஒரு நொறுக்குத் தீனியும் போதும். ஆளுக்கு 350, ஐந்து பேருக்கு 1,750.

பிறகு நைலான் துணி. தண்ணீரில் இறங்க பருத்தி, ஜீன்ஸ், புடவை எதுவும் ஆகாது. அங்கே கடை இருக்கிறது, விலையும் இருக்கிறது. தருமபுரி கடைத்தெருவில் பாலியெஸ்டர் டீ-சர்ட், டிராக் பேன்ட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். விளையாட்டு வகுப்புக்குப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும். லாக்கருக்கு வாடகையும் திரும்பத் தரும் டெபாசிட்டும் உண்டு. கையில் ரொக்கமாக அந்த டெபாசிட் இல்லாமல், பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நாளைக் கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் சேர்த்து 1,500.

கூட்டுங்கள்: 6,450, 4,700, 1,750, 1,500. மொத்தம் 14,400. கையில் நிற்பது 600 ரூபாய். மகனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, திரும்பும் வழியில் ஓட்டலில் உட்கார்ந்தாலோ அது காலி. எந்தப் பயணத்துக்கும் பத்தில் ஒரு பங்கு தொடாமல் இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. உங்களுக்கு அது 1,500.

எதைக் குறைப்பது? எல்லோரும் சாப்பாட்டைக் குறைக்கத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன்.

மாணவிகளை அழைத்துப்போகும் நாட்களில் நான் நிழலில் உட்கார்ந்து தலை எண்ணுகிற ஆள். அப்போது கவனிப்பேன். ஒவ்வொரு குளத்துக்குப் பக்கத்திலும் ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு அம்மா. ஒரு தடவை என் பக்கத்தில் இருந்தவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். மடியில் மூன்று கைப்பை, காலடியில் வரிசையாக ஏழு ஜோடிச் செருப்பு, முந்தானை முனையில் மருமகனின் வாட்சும் பேத்தியின் தோடும் முடிச்சுப் போட்டிருந்தது. 'உள்ளே இறங்கலையாம்மா?' என்றேன். 'நான் இறங்கினா இதை யார் பாத்துக்கிறது?' என்றார். மாலை வரை அதே இடம், ஒரு டீ. அவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். அந்த லாக்கர் வாடகை எவ்வளவு ஆயிற்று என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இந்தப் பூங்காக்களில் நுழைவும் ரைடும் ஒரே டிக்கெட். 'நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்' என்பவருக்குத் தனி விலை கிடையாது. அதனால் ஊர் என்ன பேசும் என்பதை விட்டுவிட்டு மாமியாரிடமே நேராகக் கேளுங்கள். 'அத்தை, அங்கே ராட்டினமும் தண்ணீரும்தான். உங்களுக்கு வர ஆசையா, இல்லை உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு இன்னொரு நாள் எல்லோரும் போவோமா?' என்று கேளுங்கள். கேட்பதை உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் இன்னும் நல்லது, மகன் வாயால் வந்தால் அதற்கு மரியாதை வேறு. வருகிறேன் என்றால் கூட்டிப்போங்கள், மறுபேச்சு வேண்டாம். பெரிதாக ஏறாவிட்டாலும் மெதுவாகச் சுற்றுகிற சிலவற்றில் உட்காரலாம். அப்போது உங்கள் பையெல்லாம் லாக்கரில் இருக்கவேண்டும், அவர் மடியில் அல்ல.

வேண்டாம் என்றால் ஒகேனக்கல் போங்கள். பஸ்ஸில் தருமபுரி, பென்னாகரம் வழியாகப் போய்விடலாம். பரிசலுக்கு அரசுக் கட்டணம் எழுதிப் போட்டிருப்பார்கள், கவுன்டரில் மட்டும் கட்டுங்கள். மீனை வாங்கிக் கொடுத்தால் பக்கத்திலேயே குழம்பு வைத்து, வறுத்துக் கொடுக்கப் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் எண்ணெய் மசாஜுக்குப் படுத்துவிட்டார் என்றால் ஒரு மணி நேரம் அவர் தொல்லையும் இல்லை. காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், மழைக்காலத்தில் செய்தி பார்த்துக் கிளம்புங்கள். ஆடிப்பெருக்கு வேண்டவே வேண்டாம், முழங்கால் வலிக்காரரை அந்தக் கூட்டத்தில் விடக்கூடாது.

புதுக் கணக்கு இது. பூங்காவுக்கு நான்கு பேர், டிக்கெட் 5,350. காலியாகும் இடத்தைச் சேர்த்துப் பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு ஏழு பேர் வண்டியாகப் பேசினால் உங்கள் பங்கு 3,000. சாப்பாடு 1,400, துணியும் லாக்கரும் 1,200. ஆக 10,950. மிச்சம் 4,050. அதில் 2,500-ஐ ஒகேனக்கலுக்கு வையுங்கள், ஐந்து பேரும் போய்வரலாம். தொடாத பணம் 1,550 நிற்கிறது.

பஸ்ஸும் மெட்ரோவும் மலிவு என்பார்கள், மறுக்கவில்லை. ஓசூர் பஸ்ஸில் பொம்மசந்திராவில் இறங்கினால் 2025 ஆகஸ்டில் தொடங்கிய மஞ்சள் வழி மெட்ரோ, ஆர்.வி. ரோட்டில் மாறி, மெஜஸ்டிக்கில் மாறி, சல்லகட்டா வரை போய், அங்கிருந்து பிடதி பஸ். போகும்போது பிள்ளைகளுக்கு அதுவும் விளையாட்டுத்தான். திரும்பும்போது ஈரத் துணிப் பை, தூங்கி விழும் மகன், நான்கு இடத்தில் மாறவேண்டும். நான் போகச் சொல்லமாட்டேன். இன்னொன்று, கர்நாடகத்தில் பெண்களுக்கு பஸ் இலவசமாமே என்று ஏறி உட்காராதீர்கள். அவர்களுடைய சக்தி திட்டம் அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும்தான், நம் ஆதாரைக் காட்டினால் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள்.

*

எந்த மாதம் போனால் கூட்டமும் விலையும் குறைவு? பிள்ளைகள் பள்ளிக்கு லீவு போடக்கூடாது.
வாசகர், காரிமங்கலம்

கர்நாடகப் பள்ளிகளைப் பெரும்பாலும் மே கடைசி வாரத்திலேயே திறந்துவிடுகிறார்கள். நமக்கு ஜூன் முதல் வாரம், சில வருடம் இரண்டாம் வாரம். நடுவில் கிடைக்கிற அந்தச் சில நாட்களில் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒன்றைப் பிடியுங்கள். பெங்களூர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், நம் பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் ஏறுவார்கள். சில வருடம் இந்த இடைவெளி இரண்டு மூன்று நாளாகச் சுருங்கிவிடும், திறப்புத் தேதி அறிவித்ததும் காலண்டரில் குறித்துவிடுங்கள். காலாண்டு விடுமுறை நல்ல யோசனை போலத் தோன்றும், ஆனால் அது தசராவோடு மோதும். மைசூர் ரோடு முழுக்க வண்டியாக நிற்கும்.

வரிசையைத் தாண்டிப்போக ஃபாஸ்ட் டிராக் என்று கூடுதல் விலையில் டிக்கெட் விற்கிறார்கள். கூட்டமில்லாத நாளைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது வீண்.

*

எங்கள் தெருவில் நான்கு குடும்பம் சேர்ந்து வேன் பிடிக்கிறோம். மொத்தம் 13 பேர். வாடகையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா? போன வருடம் இதிலேயே மனஸ்தாபம்.
வாசகி, கிருஷ்ணகிரி பழையபேட்டை

சீட்டுக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். மடியில் உட்காரும் குழந்தைக்கு இல்லை, தனி சீட்டில் உட்காரும் குழந்தைக்கு முழுசு. டிக்கெட் அவரவர் குடும்பம். காலைச் சாப்பாடு மட்டும் பொது, ஒரு வீடு இட்லி, ஒரு வீடு சட்னி என்று. மற்றதெல்லாம் அவரவர் கைக்காசு. மனஸ்தாபம் வருவது வாடகையில் அல்ல, 'நான் எல்லாருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேனே' என்பதில்தான். ஒருவர் மட்டும் பணம் வைத்திருந்து, அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் கணக்குப் போட்டுவிடவேண்டும். மறுநாள் என்றால் ஞாபகம் நான்கு விதமாகிவிடும்.

வேன்காரரிடம் பேசும்போது கி.மீ. விலையை மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்துவிடாதீர்கள். கி.மீ. உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, அவர் ஷெட்டிலிருந்தா? ஒரு நாளைக்குக் குறைந்தபட்ச கி.மீ. எவ்வளவு? பேட்டா ராத்திரிக்குத் தனியா? டோல், பார்க்கிங் யார் பொறுப்பு? முக்கியமாக, வண்டிக்கு அகில இந்திய பர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் கர்நாடக வரியை யார் கட்டுவது? ஓசூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியபிறகு இதைப் பேசினால் பேரம் அவர் பக்கம்தான். பதிலையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குப் பிடிக்கவே வேண்டாம், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கை கொடுக்காது.

*

மே மாதம் குடும்பத்தோடு போக நகையை வைத்துவிடலாம், அறுவடையில் மீட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். குழுவிலும் கடன் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.
வாசகி, பென்னாகரம்

இரண்டும் வேண்டாம். அரசு மகளிர் குழுத் திட்டத்தைத் தமிழ்நாட்டிலேயே முதன்முதலில் 1989-ல் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரி அப்போது நம்மோடு சேர்ந்திருந்தது. அந்தக் குழுக்களில் மாட்டுக்கும், பீஸ் கட்டவும், ஆஸ்பத்திரிக்கும் பெண்கள் வாங்கிய கடனைப் பார்த்தவள் நான். ராட்டினத்துக்கு அங்கே போய் நிற்காதீர்கள், நாளைக்கு நிஜமான அவசரத்துக்கு உங்கள் முறை தள்ளிப்போகும்.

இந்த மே போகட்டும். அடுத்த மே-க்கு இப்போதே வங்கியில் மாதாமாதம் கட்டுகிற 12 மாத ஆர்.டி. போடுங்கள். தபால் ஆபீஸ் ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு. சுற்றுலாவுக்குச் சரிவராது. உங்களுக்கு மகளிர் உரிமைத்தொகை வருகிறதென்றால் (2023-ல் அதற்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியதே நம் தொப்பூரில்தான்) அந்த 1,000-த்தில் பாதியை ஆர்.டி.க்குத் திருப்பிவிடுங்கள். வருடத்தில் 6,000 சேரும். மீதியை அவர் போடட்டும், ஆசைப்பட்டவர் அவர்தானே.

*

ஓசூரில் கம்பெனி வேலை. போனஸில் மனைவி, ஐந்து வயது மகளோடு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போகலாமா? ஏஜென்ட் பேக்கேஜ் வாங்குவதா, நாமே பதிவு செய்வதா?
வாசகர், ஓசூர்

தம்பி, அங்கே உயரக் கணக்கு டிக்கெட்டுக்கு இல்லை, வயதுக் கணக்கு. 4 முதல் 12 வரை குழந்தை டிக்கெட், நான்குக்குக் கீழே இலவசம். மகளுக்கு ஐந்து, ஆக மூவருக்கும் டிக்கெட். ரைடில் ஏற மட்டும் அங்கேயும் உயரம் பார்ப்பார்கள். ஐந்து வயதில் அவளுக்குப் பாதி ரைடு எட்டாது. மூன்று வருடம் தள்ளிப்போட்டால் போட்ட காசுக்கு அவளும் அனுபவிப்பாள் என்பது என் அபிப்பிராயம். போனஸ் கையில் சூடாக இருக்கும்போது இது காதில் ஏறாது என்றும் தெரியும்.

போவதென்றே முடிவானால் பூங்காவுக்கு ஒரு நாள் போதும். விமானத்துக்குப் பெங்களூரை மட்டும் பார்க்காமல் திருச்சி, கோவை விலையையும் பாருங்கள், பஸ் செலவு போக மிச்சம் நிற்கிறதா என்று கூட்டிப் பார்க்கவேண்டும். லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் தேக்கா சந்தையில் நம் சாப்பாடு, குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்கு விவோசிட்டி என்ற வணிக வளாகத்தின் பக்கத்திலிருந்து நடைபாதை இருக்கிறது, மகளுக்குத் தள்ளுவண்டி இருந்தால் நடந்தே போய்விடலாம். ஏஜென்ட் பேக்கேஜ் வாங்கினால் விலைக்கு மேல் டி.சி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீதை பத்திரப்படுத்துங்கள். விசா, இன்சூரன்ஸ், இங்கே விமான நிலையத்துக்குப் போய்வரும் டாக்ஸி மூன்றும் பேக்கேஜுக்குள் இருக்கிறதா என்று கேட்டபிறகு இரண்டு விலையையும் ஒப்பிடுங்கள்.

*

டிக்கெட் எடுத்த நாளில் மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகர், ஊத்தங்கரை

பொதுவாகக் கிடைக்காது. தேதி மாற்றிக்கொள்ளலாமா, எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும் என்பது டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், பணம் கட்டுமுன் படியுங்கள். சாரல் மழைக்குப் பயப்படவேண்டாம், எப்படியும் நனையத்தானே போகிறீர்கள். இடி மின்னல் என்றால் ரைடை நிறுத்துவார்கள்.

*

எங்கள் காலத்தில் கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) பூங்காவுக்குப் போவதே பெரிய டூர். இப்போது பேரன்கள் பிடதி, சென்னை என்கிறார்கள். அணையைக் காட்டினால் போதாதா?
வாசகர், காவேரிப்பட்டணம்

போதாது ஐயா. சென்னையிலும் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்துவிட்டார்கள், வகுப்பில் பாதிப் பேர் போய்வந்து கதை சொல்லிவிட்டார்கள். உங்கள் பேரன்கள் மட்டும் அணையில் சறுக்குமரம் ஏறிய கதையைச் சொன்னால் எடுபடுமா? ஒரு தடவை அனுப்பி வையுங்கள். அணைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் கூட்டிப்போங்கள், வறுத்த மீனுக்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டால் போதும். போகும்போது மகனிடம் கேட்காதீர்கள், மருமகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ராத்திரிச் சமையல் அவருக்கு மிச்சம்.